முப்பது நாள் என்று எழுதிய தாள்

அன்பு மகனுக்கு,

ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும். இங்கே நானும் உன் தாயும் உயிரோடு இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்றும் எழுதலாம்தான், ஆனால் நான் தட்டிய பொய்ச் சான்றிதழ்களோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். போர்முனைப் பக்கம் பிளெய்க்குவிலிருந்து நீ எழுதிய மூன்று கடிதங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாய். "காசிமுக்கு நான் எழுதிய தாள் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா வாப்பா?" மூன்று தடவையும் நான் மழையைப் பற்றியும் உன் தாயின் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதி மழுப்பினேன். இன்றைக்குப் பதில் சொல்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வீட்டில் வியட்நாம்காரியான உன் தாய்க்குத் தெரியாத மொழி இது ஒன்றுதான். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், எனக்குத் தெரியும். மெதுவாகப் படி, பாதியில் மட்டும் நிறுத்திவிடாதே. பதிலை முதல் வரியிலேயே எழுதும் தைரியம் எனக்கு இல்லாததால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

உன் தகப்பன் யார் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுச் சைகோனுக்குக் கப்பலேறி வந்தவன். துணிக்கடையில் உட்காரும் சாமர்த்தியம் இல்லை, டைப் அடிக்க மட்டும் தெரியும். அப்போது நம் ஊர்த் துணிக்கடை முதலாளி ஒருவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்து, கோர்ட்டுக் காயங்களைப் பார்க்கும் ஆஸ்பத்திரி அறையில் என்னைச் சேர்த்துவிட்டார். டோங் டு பள்ளிவாசலுக்குப் பின்னால் இன்றைக்கும் நாம் குடியிருக்கிற வீடு கூட அவர் தயவில் கிடைத்ததுதான். அறையில் ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டர் அடிபட்டவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார், இந்தப் பக்கம் நான் தட்டிக்கொண்டே போவேன். உடம்பில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர் நீளம், என்ன வடிவம், ஓரம் சீராக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா, என்ன நிறம். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தில் அடி இருந்தால் அவன் கையைத் தூக்கித் தடுத்திருக்கிறான். வெட்டுக்காயத்துக்கு ஓரம் சுத்தமாக இருக்கும், தடியால் பிளந்த காயத்துக்குள் சதை இழை இழையாகத் தொங்கும். இதையெல்லாம் நான் காதாலேயே படித்தேன். எத்தனையோ வருஷம் ஒருவருடைய காயத்தையும் கண்ணால் பார்க்காமல் ஆயிரக்கணக்கான காயங்களை எழுதியவன் நான். சிரிக்காதே, அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

தாளில் எல்லாம் முடிந்தபிறகு கடைசி வரி ஒன்று வரும். இந்த ஆள் எத்தனை நாள் வேலை செய்ய முடியாமல் கிடப்பான் என்ற வரி. அடித்தவனுக்கும் வக்கீலுக்கும் நீதிபதிக்கும் மேலே உள்ள ஒரு பக்க எழுத்தும் வேண்டாம், அந்த எண் ஒன்றே போதும். இருபது நாளுக்கு மேல் என்றால் வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகும், அடித்தவன் உள்ளே போவான். இருபதுக்குள் என்றால் அது வெறும் கைகலப்பு, ஏதோ அபராதத்தைக் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு வந்துவிடலாம். மனுஷன் பட்ட அடிக்கு இப்படிக் கோடு கிழிப்பது சரியா என்று நீ மாணவனாக இருந்தபோது கேட்டாய். எங்கேயாவது கிழித்துத்தானே ஆக வேண்டும் என்று நான் சொன்னேன். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் யார் விழுவார் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தவன் பேசிய பேச்சு அது.

தாவூது நானாவின் கதையை உன்னிடம் ஒரு தடவை வேடிக்கைபோலச் சொன்னேன். இன்றைக்கு ஒழுங்காகச் சொல்கிறேன். நாகூர்க்காரர், எனக்குச் சிபாரிசு செய்த அதே முதலாளியின் கடையில் வாட்ச்மேன். ஒரு துணிக்கட்டு காணாமல் போனதென்று முதலாளியின் மச்சான்மார் இரண்டு பேர் அவரைக் கிடங்கில் வைத்துப் பிரம்பால் முதுகில் விளாசினார்கள். மூன்றாம் நாள் போலீஸ் அவரை எங்கள் அறைக்கு அனுப்பியது. அவர் நல்ல கறுப்பு, என்னைவிட இரண்டு மடங்கு. டாக்டர் முதுகைப் பார்த்தார், விளக்கைத் திருப்பி மறுபடியும் பார்த்தார். அவர் படித்த புத்தகத்தில் ரத்தக்கட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள். அந்த வரிசையை எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவர்கள். தாவூது நானாவின் முதுகில் அந்த நிறங்களில் ஒன்றுகூட இல்லை. டாக்டர் அன்றைக்குக் கெட்டவர் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்த் திரையை விலக்கி என்னைக் கூப்பிட்டார். "நீ இவருடைய ஆள்தானே, உன் கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்குத் தெரிந்தது. ஓதுகிற பள்ளியில் நான் அடிவாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் உம்மா விளக்கைத் தேட மாட்டார்கள். புறங்கையை முதுகில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போவார்கள். அடிபட்ட இடம் சுடும், தடித்திருக்கும், பக்கத்துத் தோலைவிடப் பளபளக்கும். கறுத்த பிள்ளைகளைப் பெற்ற எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த விஷயம் இது. கையை வைத்துப் பாருங்கள் டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது, வாடகை வீடு ஞாபகம் வந்தது. "ஒன்றும் தெரியவில்லை டாக்டர்" என்றேன். காயம் எதுவும் காணப்படவில்லை, இரண்டு நாள் என்று தட்டினேன். வெளியே பெஞ்சில் சட்டையைப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "தம்பி, நம்மூரு புள்ளெ நீங்க உள்ளெ இக்கிறது எனக்கு எவ்வளோ தெம்பா இக்கிது தெரியுமா. நல்லா எழுதினாஹளா?" நல்லா எழுதியிருக்கிறார்கள் நானா என்று சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் மவுத்தாகிவிட்டார். உடலைச் சுற்றும் கஃபன் துணியை முதலாளிதான் கொடுத்தார், அதுவும் கடையிலேயே உயர்ந்த ரகம். எவ்வளவு பெரிய மனசு என்று உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்தேன், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதை உனக்குச் சொன்னபோது வெள்ளைக்காரன் புத்தகத்தைக் கேலி செய்கிற கதையாகச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்க ஏன் சொல்லலே வாப்பா?" என்றாய். நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ படிப்பு முடியும்வரை வீட்டுக்கு வருகிற கறுத்த சொந்தக்காரர்களையெல்லாம் பிடித்து, இங்கே இடித்துக்கொண்டீர்களா, அங்கே சிராய்த்துக்கொண்டீர்களா என்று தடவித் தடவிப் பார்த்து எழுதிவைத்தாய். டாக்டருக்குப் படிக்கிறவனா, கசாப்புக்கடை வைக்கப் போகிறவனா என்று எல்லோரும் உன்னைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு மட்டும் நீ என்ன செய்கிறாய் என்று புரிந்தது. பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

இன்னொரு தவறையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டார் இன்னின்ன தொழில் செய்யக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்தபோது நம் ஜனங்கள் கடைகளை மனைவி பெயருக்கு மாற்றினார்கள். நான் அதைவிடப் பெரிய புத்திசாலி அல்லவா? என்னைப்போல நீயும் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தால் உனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் உத்தியோகம் கிடைக்காதென்று உன்னைத் தாய்வழியில் இந்த நாட்டுக் குடிமகனாக எழுதிக்கொடுத்தேன். என்னுடைய அறையிலேயே, பெரிய டாக்டருக்கு அடுத்த நாற்காலியில் என் மகன் உட்கார வேண்டும் என்ற ஆசை. உட்கார்ந்தாய். பிரெஞ்சுக் காகிதம் வைத்திருந்த பையன்கள் இன்றைக்குப் பிரான்சில், மார்சேயில் இருக்கிறார்கள். உன் மேல் பட்டாளத்துச் சட்டை ஏறியிருக்கிறது. உன் தாய் அப்போதே வேண்டாம் என்றாள், உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

காசிம் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. கான் ஹொய் துறையில் மூட்டை தூக்குகிறவன், யாரோ ஒரு நாகூர்க்காரர் பெற்றுப்போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்ட பிள்ளை, தமிழில் ஒரு சொல் தெரியாது, நிறம் மட்டும் தகப்பனுடையது. அரிசி மூட்டை குறைந்ததென்று சாமான் இறக்கும் காண்ட்ராக்டரின் ஆட்கள் இரும்புக் குழாயால் அடித்திருந்தார்கள். நீ விளக்கை அணைக்கச் சொன்னாய். உன் தாயின் மொழியில் அவனிடம் பேசிக்கொண்டே தடவிப் பார்த்தாய், எனக்கு உன் குரல் மட்டும் கேட்டது. பிறகு சொல்ல ஆரம்பித்தாய். நிறத்தில் மாற்றம் இல்லை, தொட்டால் சூடு, அழுத்தினால் கெட்டி, முதுகின் இடப்பக்கம் பக்கம்பக்கமாக இரண்டு தடிப்புகள், நடுவில் அமுங்கிய பள்ளம், அதுபோல் ஐந்து ஜோடி, உருண்ட கம்பியோ குழாயோ பட்டால்தான் இப்படி வரும். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. முப்பது நாள். அவ்வளவு அழகான தாளை நான் அதுவரை தட்டியதில்லை. வெளியே அவன் தாய் இருந்தாள், பாலத்தடியில் வாழைப்பழம் விற்கிறவள், எல்லோரும் பா ஹாய் என்று கூப்பிடுவார்கள். முப்பது என்று நீ சொன்னதும் அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். காண்ட்ராக்டரின் தம்பி பெரிய அதிகாரி. பெரிய டாக்டர் உன்னைக் கூப்பிட்டு ஆறு நாள் என்று மாற்றச் சொன்னார், நீ மாட்டேன் என்றாய், உடனே உன்னைப் பட்டாளத்தில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. விமான நிலையத்தில் உன் தாய் உன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே இருந்தாள். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது, "தாள் கோப்பில இருக்கு வாப்பா, பாத்துக்கங்க" என்பதுதான். பார்த்துக்கொள்கிறேன் என்று தலையாட்டினேன்.

நீ போன இரண்டாவது வாரம் பெரிய டாக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். "பிளெய்க்கு நல்ல இடம் இல்லை. சைகோன் ராணுவ ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மகன் இங்கே வந்துவிடலாம். எனக்கும் ஓர் உதவி வேண்டும்" என்றார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, மெஷினில் புதுத் தாளைச் செருகினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். நிறத்தில் மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே ரத்தக்கட்டு இல்லை. விலாவில் வலி இருப்பதாக அவனே சொல்கிறான். ஆறு நாள். தாவூது நானாவின் முதுகைப் பார்த்தபோது இதே டாக்டருக்கு விஷயம் தெரியாது. இந்தத் தடவை உன் தாளைப் படித்து அவருக்கும் தெரியும், எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து தெரியாது என்று எழுதினோம். பழைய தேதியைப் போட்டு அவர் கையெழுத்திட்டார். நீ கையெழுத்திட்ட தாளையும் அதன் இரண்டு நகல்களையும் நான்தான் கிழித்தேன். அவர் கிழிக்கச் சொல்லவில்லை, மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

மகனே, உன்னை இங்கே கொண்டுவருவதற்காக அதைச் செய்தேன். இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் காசிமின் முதுகு எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை, உன் முதுகுதான் தெரிந்தது. மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் மறுபடியும் தட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இல்லை. தினமும் காலையில் போய்ப் பெரிய டாக்டரின் முகத்தைப் பார்ப்பேன். அடுத்த மாதம் என்றார். அதற்கடுத்த மாதம், மேலிடத்தில் ஆள் மாறிவிட்டார்கள் என்றார். போன வாரம் வாயைத் திறந்தே கேட்டுவிட்டேன். "உங்கள் மகன் ஒருவன்தான் மகனா? இந்த ஊரில் எல்லாருடைய மகனும் அங்கேதான் இருக்கிறான்" என்றார். அதற்கும் சரி டாக்டர் என்றுதான் சொன்னேன். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் போய் யாருடைய முகத்தையோ அளக்க ஆரம்பித்தார், நான் தட்டினேன்.

நேற்று பா ஹாய் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மடியில் கோர்ட்டுத் தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரின் தகப்பன் படித்துச் சொன்னால் தப்பு வராது என்று நான்கு நாள் மடியிலேயே வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறாள். படித்தேன். காயம் அற்பமானது, கைகலப்பு, அபராதம் கட்டியாயிற்று, வழக்கு முடிந்தது. உன் தாய் அவளுக்குத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். காசிமால் இன்னும் மூட்டை தூக்க முடியவில்லை, மூச்சை இழுத்தால் குத்துகிறது, வீட்டில் படுத்திருக்கிறான், ஆனால் பெரிய கோர்ட்டில் எல்லாம் தெரிந்துவிடும் என்று பா ஹாய் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திவைத்திருக்கிறார்கள் என்றேன். பழத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்படின்னா நேரம் இருக்கு. அடுத்த தடவை டாக்டரே நேரில வந்து சொல்லணும், அவர் சொன்னா யாரும் மறுக்க முடியாது" என்று எழுந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து உனக்குக் கடிதம் எழுதப் போகிறாளாம். நான் சாக்குச் சொல்லத் தேடிக்கொண்டிருக்கும்போதே உன் தாய் உன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டாள். உன்னை எப்படியாவது பார்க்க ஒரு வழி கிடைத்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷம். பா ஹாய் கேட்டால் நீ கிளம்பிவிடுவாய், லீவு கொடுக்காவிட்டாலும் கிளம்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். வழியில் பிடித்தால் ஓடிப்போனவன் என்பார்கள், அதற்கு என்ன தண்டனை என்று நான் எழுத வேண்டியதில்லை. பிடிபடாமல் வந்து சேர்ந்தாலும் நீ எந்தத் தாளைக் காட்டிப் பேசுவாய்? உன் கையெழுத்து உள்ள தாள் எங்கேயும் இல்லை. இருக்கிற தாளில் காயமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு முப்பது நாள் என்று சொல்கிறான் என்று உன்னையே கூண்டில் நிறுத்துவார்கள், அந்தத் தாளைத் தட்டியது யார் என்று கேட்டால் நான் எழுந்து நிற்க வேண்டும்.

நாளைக் காலை பிளெய்க்குவுக்குப் பறக்கிற நர்ஸ் ஒருத்தி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், பா ஹாயின் கடிதம் தபாலில் வருவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். பா ஹாயிடம் உண்மையை நான் சொல்வேனா என்று கேட்காதே, சொல்வேன் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். உன் தாய் இப்போது உன் அறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நீ வரப்போவதாக நினைத்து உன் மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறாள். நான் உன்னை இங்கே வரவழைப்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். வராதே, மகனே.